புஞ்சை நடுவே வேலிச்செடி

குற்றாலத்துச் சாரலைப் பற்றி எல்லோரும் மெச்சிப் பேசுவார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தச் சாரல் தென்காசி வரைக்கும் வரும். அதைத் தாண்டி வீரகேரளம்புதூர்ப் பாதையில் கொஞ்ச தூரம் வரும். பிறகு நின்றுவிடும். அது நின்றுவிடுகிற இடத்துக்குக் கிழக்கே இருந்தது எங்கள் புஞ்சை. மேற்கே மலை மேகத்துக்குள் முங்கிக் கிடக்கும். அங்கே மழை பெய்வது இங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு வருவது காற்று மட்டும். அது சரளை மண்ணை வாரி முகத்தில் அடிக்கும்.

என்னைக் கட்டிக் கூட்டிவந்தவர் அந்த மண்ணில் சோளம் போட்டார், உளுந்து போட்டார், காணப்பயறு போட்டார். எதுவும் உருப்படியாக வரவில்லை. ரங்கூனில் அரிசி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தை மாதம் ரயிலேறினார். போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி வந்தது. அடுத்த வருஷம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. பிறந்த ஒன்று தங்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

தென்காசியில் கொழுந்தன் வீட்டில்தான் இருந்தேன். மாமியார் இருந்தவரைக்கும் என்னைத் திட்டவாவது ஒரு வாய் அந்த வீட்டில் இருந்தது. அவர் போன பிறகு அதுவும் இல்லை. சோறு கிடைக்கும், பேச்சு கிடைக்காது. நான் அறைக்குள் நுழைந்தால் கொழுந்தன் பெண்டாட்டி பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவாள். ஒரு நாள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு புஞ்சைக்குப் போனேன். அங்கே காவலுக்கு இருக்கிற குடிசையைச் சாணி போட்டு மெழுகி உட்கார்ந்துவிட்டேன். யாரும் வந்து கூப்பிடவில்லை.

மருதாணி அங்கே வந்தது ஆடுகளால்தான். நான் போட்ட கீரையையும் அவரையையும் ஆடுகள் தின்று தீர்த்தன. அந்தப் பக்கம் வளையல் விற்று வரும் கடையநல்லூர் அக்கா ஒருத்தி, தன் வீட்டு வேலியிலிருந்து மருதாணிக் கம்பு ஒடித்துக் கொண்டுவந்து தந்தாள். அவள் முஸ்லிம், என்னைவிட மூத்தவள். ஐப்பசி மழையில் கம்புகளை ஊன்றினேன். முதல் வருஷம் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். வேர் பிடித்த பிறகு அவை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் கீரை செத்தது, அவரை செத்தது, கிணறும் வற்றியது. மருதாணி மட்டும் சாம்பல் நிறத்தில், செத்ததோ உயிரோடிருக்கிறதோ தெரியாதபடி நின்றது. முதல் மழைத் தூறலில் தளிர்த்தது. முற்றின கிளையில் முள் வைத்தது. ஆடு கிட்டே வரவில்லை.

சாகாத ஒன்றைக் கண்டதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. வேலியிலிருந்து கம்பு ஒடித்துப் புஞ்சை முழுவதும் வரிசை வரிசையாக ஊன்றினேன். பாதையில் மாடு பத்திப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏளா, வேலிச் செடியப் புஞ்சைக்கு நடுவுல வச்சிருக்கியே, இனி சோளத்த வேலியில வைப்பியாக்கும்?"

"வைப்பேன். ஒம்ம மாட்ட அந்தப் பக்கம் பத்தும்."

வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். சாயங்காலம் வாசனை குடிசைக்குள் வந்து நிற்கும். பாம்பு வரும் என்று பயமுறுத்தினார்கள். பாம்புகூட வரவில்லை. பூ விட்டால் இலையின் சத்து போய்விடும் என்று நான் மொட்டிலேயே நறுக்கிவிடுவேன். ஒரு வரிசையை மட்டும் வாசனைக்காக விட்டுவைத்திருந்தேன். அதை முகர்ந்து பார்க்க அங்கே நான் ஒருத்திதான்.

ஆனி பிறந்தால் குற்றாலத்தில் கூட்டம். ஆடியில் பெண்கள் மருதாணி வைத்துக்கொள்கிற மாதம். இரண்டும் ஒன்றாக வருகிறது. அதனால் இலையை உருவி ஓலைப்பெட்டியில் நிரப்பிக்கொண்டு தென்காசிக்கு நடந்து, அங்கிருந்து ஏதாவது வண்டியில் தொற்றிக்கொண்டு குற்றாலம் போவேன். பெரிய அருவிக்குப் போகிற வழியில் வளையல் அக்காவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். எதிரே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் கிண்ணத்தோடு வரிசையாக நிற்பார்கள். அம்மி ஒன்றை அங்கேயே ஒரு கடையில் போட்டு வைத்திருந்தேன். கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரைத்து, தேக்கிலையில் உருண்டையாக மடித்துக் கொடுப்பேன். உட்கார்ந்தால் நானே கையில் வைத்தும் விடுவேன். உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், விரல் நுனிக்கெல்லாம் தொப்பி.

சிலதுகள் வைத்த கையோடு அருவியில் போய் நிற்கும். பிறகு ஈரச்சேலையோடு சண்டைக்கு வரும்.

"செவக்கவே இல்ல, என்ன எலய வித்தே நீ?"

"மலையே தண்ணியாக் கொட்டுதே, அதுக்கடியில கையக் காட்டுனா எப்படித் தாயி செவக்கும்?"

எண்ணெய் தேய்க்கிறவர்களில் வயதான ஒருத்தர் இதைக் கேட்டுவிட்டு, "இனிமே எண்ணெயையும் தேய்க்காமக் கையிலயே குடுத்தனுப்பணும் போலுக்கே" என்பார். அங்கே எனக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான். அதற்காகவே சாரல் எப்போது வரும் என்று வருஷம் முழுக்க மேற்கே பார்த்துக்கொண்டிருப்பேன். இதை அப்போது யாராவது கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

வாங்க வருகிறவர்கள் முதலில் என் கையைப் பார்ப்பார்கள். பிறகு கழுத்தைப் பார்ப்பார்கள். மருதாணி நன்றாகச் சிவந்தால் புருஷனுக்குப் பிரியம் ஜாஸ்தி என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதனால். என் கையைப் போலச் சிவந்த கை அந்த வட்டாரத்திலேயே கிடையாது. கறுப்பு கலந்த சிவப்பு.

"அடியாத்தி! ஒம் புருசன் ஒன்னயத் தரையிலயே நடக்க விடமாட்டான் போலயே!"

நான் அடுத்த உருண்டையை மடிப்பேன். பிரியமும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. தண்ணீர் குடித்த மருதாணிக்கு இலை பெரிதாக, மினுமினுப்பாக இருக்கும். அரைத்து வைத்தால் பூசணிப்பூ நிறத்தோடு நின்றுவிடும். காய்ந்த மண்ணில் வாடி நிற்கிற செடியின் இலைதான் பொடியாக, தடிப்பாக இருக்கும். அதுதான் பிடிக்கும். எங்கள் புஞ்சையில் மழை பெய்யாது. அதனால் என் கை சிவந்தது. இதில் புருஷன் எங்கே வந்தான்?

தென்காசிப் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வயலும் தோப்புமாக வாழ்ந்த ஒரு வீடு உண்டு. அந்த வீட்டு ஆச்சி என்னிடம் கம்பு வாங்கி வாய்க்கால் கரையில் வைத்தார். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. மூத்த மகள் கல்யாணத்துக்கு அந்த இலையைத்தான் அரைத்து வைத்தார்கள். கழுவிப் பார்த்தால் கை வெளுத்துக் கிடந்தது. வீடே கலங்கிவிட்டது. முகூர்த்தத்துக்கு முன்னால் இப்படியா என்று பெண் அழுதிருக்கிறாள். வண்டிக்காரனை என் புஞ்சைக்கு விரட்டினார்கள். பெட்டி நிறைய இலையோடு போனேன். புறவாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"எலைய அங்கன வச்சிட்டுப் போளா. நாங்க அரைச்சுக்கிடுதோம்" என்றார் ஆச்சி.

உள்ளேயிருந்து பெண்ணின் அத்தை சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "அவ புருசன் இருக்கானோ போயிட்டானோ. அந்தக் கை பிள்ள மேல பட வேண்டாம்."

"எல பூரா இந்தக் கை உருவுனதுதான்" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். பெட்டியைப் புறவாசலிலேயே கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன். அந்த இலையை அவர்கள் கூட்டித் தள்ளவில்லை, அரைத்து வைத்தார்கள். பெண்ணின் கை நன்றாகச் சிவந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அங்கிருந்து ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே திரும்பினார்கள். தென்காசியிலும் கடையநல்லூரிலும் செங்கோட்டையிலும் எலும்பும் தோலுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் ஆள் வரவில்லை. வைகாசி கடைசியில் கொழுந்தன் புஞ்சைக்கு வந்தான். நான் அங்கே குடி போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தான். உட்காரவில்லை.

"மைனி, ஒங்களுக்கு நான் கெடுதல் நெனைக்கல. எம் மவளுக்கு வார மாப்பிள்ளையெல்லாம் தட்டிப் போவுது. செத்தவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாமக் கெடக்குன்னு சோசியர் சொல்லுதாரு."

"செத்துட்டான்னு யாரு சொன்னா?"

"ஊரே எரிஞ்சு போச்சு. நடந்து வந்தவன்ல பாதிப்பேரு வழியிலயே போயிட்டான். உசுரோட இருந்தா ஒரு கடுதாசி போடமாட்டானா?"

"குண்டு போடுததுக்கு முன்னால மட்டும் போட்டு அடுக்கிட்டானாக்கும்?"

செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு சொன்னான்: "ஆடி அமாவாசைக்கு அருவிக்கரையில வச்சு முடிச்சிருவோம். தர்ப்பையில ஆளு செஞ்சு கொள்ளி வச்சிட்டு ஒரு முழுக்கு. ஒங்களுக்கு இனி இந்த வெயில் எதுக்கு? வீட்டுக்கு வாங்க. சோறு நான் போடுதேன்."

அவன் மோசமான ஆள் இல்லை. அந்தப் புஞ்சையைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டான். மகளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. ஆனால் அவன் சொன்னதற்கு அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியும். தாலி இறங்கின மறுநாள் என் பெட்டிக்கு முன்னால் ஒரு பெண்ணும் நிற்கமாட்டாள். தாலி அறுத்தவள் கையால் எவள் மருதாணி வாங்குவாள்? புஞ்சை முழுவதும் செடி இருந்தாலும் ஆட்டுக்குக்கூட ஆகாது. பிறகு கொழுந்தன் வீட்டு அடுப்படி. நான் நுழைந்தால் நின்றுபோகிற பேச்சு. அங்கே போவதைவிட அந்த வற்றிய கிணற்றில் குதிக்கலாம் என்று நினைத்தேன். புருஷன் மேல் பிரியத்தால் இல்லை. அவர் முகமே எனக்கு மறந்துகொண்டு வந்தது.

திரும்பி வந்தவர்களை எல்லாம் தேடிப் போனேன். செங்கோட்டை ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து, இறங்குகிறவர்களிடம் கேட்டேன். ரங்கூன் என்ன நம்ம ரதவீதியா, ஆளைத் தெரிய என்று ஒருத்தன் சிரித்தான். கடைசியில் வளையல் அக்காதான், ஆனி மாதத்தில், தன் தம்பி வந்துவிட்டான் என்று சொன்னாள். தறி நெய்கிறவன், பிழைப்புக்கு அங்கே போனவன். கடையநல்லூருக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். கால் இரண்டும் புண். நான் யாருடைய பெண்டாட்டி என்று அக்கா சொன்னதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேட்டுக்கிடாம இருக்கது நல்லது தங்கச்சி."

"செத்துட்டாரா?"

"இல்ல."

"அப்பச் சொல்லும்."

ரங்கூனுக்கு வடக்கே மாந்தளையில் பார்த்தாராம். அங்கே ஒரு பர்மாக்காரி, இரண்டு பிள்ளைகள், ஒரு சின்னக் கடை. எல்லோரும் கிளம்புகிறார்களே, நீ ஊருக்கு வரவில்லையா என்று இவர் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னாவ?"

அவர் சொல்லமாட்டேன் என்றார். நான் விடவில்லை.

"எனக்கு அங்கன என்ன இருக்குன்னு கேட்டாரு."

அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். அங்கே நான் அழவில்லை. நடந்து வரும்போதும் அழவில்லை. புஞ்சைக்கு வந்து, வாசனைக்காக விட்டுவைத்திருந்தேனே அந்த ஒரு வரிசை, அதை அரிவாளால் தரையோடு வெட்டிப் போட்டேன். பூவும் கிளையுமாகக் குப்பையாகக் கிடந்தது. கையெல்லாம் முள் கிழித்துவிட்டது.

கொழுந்தனிடம் உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவானா? தாலியைக் காப்பாற்றிக்கொள்ளக் கதை கட்டுகிறாள் என்பான். அவன் நம்பினாலும் வீட்டு மானம் என்று மூடி வைப்பான். ஊரில் நான் இரண்டுங்கெட்டவளாகவே இருப்பேன். ஆச்சி வீட்டுப் புறவாசல்தான் எனக்கு.

ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் தலை மேல் தலை. தர்ப்பணம் செய்கிறவர்கள் ஒரு பக்கம், குளிக்கிறவர்கள் ஒரு பக்கம். நான் வழக்கம்போல என் இடத்தில் அம்மியைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் சொந்தக்காரர்களோடு வந்தான். கூடவே புரோகிதர், நாவிதர். என்னைக் கூட்டிப்போக ஒரு பெரியம்மை கையில் வெள்ளைச் சேலையோடு வந்தாள்.

"எந்திரி மக்கா. நேரமாவுது."

நான் எழுந்திருக்கவில்லை. அரைத்துக்கொண்டே இருந்தேன்.

"மைனி, ஊரு பாக்கு" என்றான் கொழுந்தன் மெதுவாக.

"பாக்கட்டும்" என்றேன். எழுந்து நின்று, அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கத்தினேன். "ஒங்க அண்ணன் சாகல! மாந்தளையில ஒரு பர்மாக்காரியோட குடும்பம் நடத்துதான். ரெண்டு பிள்ள இருக்கு. ஊருல எனக்கு என்ன இருக்குன்னு கேட்டானாம். உசுரோட இருக்கவனுக்குக் கொள்ளி வைக்கணும்னா வைங்க. என் தாலியில எவனும் கை வைக்காதீக!"

வழியில் போன அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். கொழுந்தன் முகம் செத்துப்போயிற்று. "பொய் சொல்லாதீக மைனி" என்றான்.

வளையல் அக்கா எழுந்து நின்றாள். "எந்தம்பி கண்ணால பாத்துட்டு வந்திருக்கான். வீட்டுல கெடக்கான். வந்து கேளும்" என்றாள்.

புரோகிதர் பையை மடியில் வைத்துக்கொண்டார். எதிரே நின்ற எண்ணெய் தேய்க்கிற பெரியவர் குரல் கொடுத்தார். "நல்லவேள ஐயரே! கொள்ளிய வச்சிருந்தா அந்தாளு ஒரு நாளு வந்து நின்னு, எங்கருமாதிக்கு என்னயக் கூப்பிடலியேன்னு கேப்பாம்லா!"

கூட்டம் சிரித்தது. அவர் எனக்கு உதவத்தான் சொன்னார். ஆனாலும் அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

நாகர்கோவில் பக்கத்து அம்மாள் ஒருத்தி, நகையும் நட்டுமாக, முன்னால் வந்து என் தோளைத் தட்டினாள். "அது கெடக்கட்டும் மக்களே. உசுரோட இருக்காம்லா, அது போதும். ஒனக்குத் தாலி நெலைச்சுட்டு. பாரு, இந்தக் கை இப்படிச் செவந்திருக்கும்போதே எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு, அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள்.

வைத்துவிட்டேன். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி உட்கார்ந்தாள். அன்றைக்கு என் பெட்டி உச்சிப்பொழுதுக்குள்ளேயே காலியாகிவிட்டது. கொழுந்தன் ஒரு பாறையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கூட்டம் கரைந்த பிறகு என்னிடம் வந்தான்.

"வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கலாம்லா மைனி."

"நம்பியிருப்பீகளா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மகளுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. சோசியர் வேறு ஏதோ பரிகாரம் சொன்னாராம். மருதாணி என் கையால்தான் வைக்கவேண்டும் என்று அவன் பெண்டாட்டியே வந்து கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு என் இலை போகாத வீடு கிடையாது. பாழாய்ப் போயிருக்க வேண்டிய தாலியைப் பிடித்து நிறுத்தினவள், ராசியான கை என்று கிளப்பிவிட்டார்கள். கோயில் பக்கத்து ஆச்சி இளைய மகள் கல்யாணத்துக்கு வண்டி அனுப்பினார். முன்வாசல் வழியாகக் கூட்டிப்போய், பெண்ணுக்கு எதிரே பாய் விரித்து உட்கார வைத்தார். முன்னே உள்ளேயிருந்து அந்தக் கை வேண்டாம் என்ற அதே அத்தை, "எங்க பிள்ளைக்கும் ஒன்னயமாரி செவக்கணும்ளா" என்று சொல்லிப் பூ கொடுத்தாள். ஒன்னயமாரி! அந்தப் பெண் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தது. அதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லோரும் என் புருஷன் உயிரோடிருப்பதற்காகச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டவள் வளையல் அக்கா ஒருத்திதான். கேட்டாள். நல்லா இருக்கேன் என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. அமாவாசை நடந்த வருஷமே மார்கழியில் அவள் இறந்துபோனாள். அடுத்த சாரலுக்கு அவள் இடத்தில் ஒருவன் பலாப்பழம் வைத்து விற்றான்.

அந்த அமாவாசைக்குப் பிறகு என் கைக்கு நான் மருதாணி வைத்துக்கொள்ளவில்லை. யாருக்காக வைப்பது? ஆனால் அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. இலை உருவுகிற கை, அம்மியில் அரைக்கிற கை, நாள் முழுக்க ஊராருக்கு வைத்துவிடுகிற கை. வைக்காமலேயே சிவந்துவிடும். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், கல்லில் உரசினேன். தோல் போனது, நிறம் போகவில்லை.

சாரல் முடிந்து ஊர் காலியான பிறகு, புஞ்சையில் ஒரு வேலையும் இருக்காது. அப்போதுதான் கை கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். நகத்தில் மட்டும் நின்றுவிடும். அது அடியிலிருந்து வெள்ளையாக வளர்ந்து வரவேண்டும். சிவந்த நுனியைக் கத்தியால் வெட்டி வெட்டி எறிவேன். கடைசி ஓரத்தில் மெலிதாக ஒரு கோடு நிற்கும்போது மேற்கே மேகம் இறங்கிவிடும். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு இலை உருவப் போவேன்.